எரியோடும் எரியோட்டிலும்: தேடுவோர் கைக்கு எட்டாத நம் எழுத்துகள்

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் எரியோடு என்றொரு பேரூராட்சி உள்ளது. அவ்வூரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் தீண்டாமைக் கொடுமை நிகழ்ந்ததாகவும், அதை நம் செய்தியாளர் ஒருவர் எழுதுவதாகவும் கொள்வோம். ‘எரியோட்டை அடுத்த’ என்று தொடங்குவார். ‘எரியோட்டில்’, ‘எரியோட்டிலிருந்து’, ‘எரியோட்டுக்கு’ என்று தொடர்வார். செய்தி முழுவதிலும் ‘எரியோடு’ என்னும் சொல் அந்த வடிவில் ஒருமுறைகூட வராமற் போகலாம். இத்தகைய உகர ஈற்றுப் பெயர்கள் உருபேற்கும்போது டகரம் இரட்டிப்பதை நன்னூல் விதியாகவே சொல்கிறது; எழுதியவரிடம் பிழை இல்லை. ஆறு மாதம் கழித்து அதே ஊர்க்காரர் ஒருவர் அத்தளத்தின் தேடல் கட்டத்தில் ‘எரியோடு’ என்று எழுதுகிறார். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயல்பாக அமைந்த தேடல், எழுத்துகளின் வரிசை அப்படியே பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கும். பொருந்தவில்லை. எதுவும் கிடைக்கவில்லை என்று விடை வரும். செய்தி தளத்திலேயே இருக்கிறது. தேடியவருக்கு அது இல்லை.

இந்த ஊர்ப்பெயருக்கு வேறு இடர்களும் உண்டு. ‘யோ’ என்னும் எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் பதியலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்படி அமைக்கப்படாத மென்பொருளுக்கு அவை இரு வேறு சொற்கள். ஆங்கிலத்தில் அரசு ஆவணங்கள் யகரத்துக்குரிய எழுத்தை விட்டுவிட்டு எழுதுகின்றன. பலர் அதைச் சேர்த்து எழுதுகின்றனர். போதாக்குறைக்கு, ‘எரி’ என்னும் பெயரோடு ‘ஓடு’ என்னும் வேற்றுமை உருபு சேர்ந்தது என்று இயந்திரம் பிரித்துப் பொருள்கொள்ளவும் இடமிருக்கிறது. பெரிய தேடுபொறிகள் தமிழ்ச் சொற்களின் திரிபை ஓரளவு அறியும். ஆயினும் சென்னைக்கும் மதுரைக்கும் கிடைக்கும் கவனம் ஒரு சிற்றூர்ப் பெயருக்கும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

தீர்வு எளிது. செய்தியின் தலைப்பிலோ முதல் வரியிலோ ஊரின் பெயர் உருபேற்காத வடிவில் ஒருமுறை வரவேண்டும். அதனுடன் வட்டமும் மாவட்டமும் வரவேண்டும். ‘எரியோடு, வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்’ என்று ஓர் இடக்குறிப்பு வரி இருந்தால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூர் உண்டு. சேலம் மாவட்டத்திலும் ஆத்தூர் உண்டு. நத்தம் இன்னும் சிக்கலானது. அது திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். கிராம நத்தம் என்னும் நில வகையின் பெயர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் எரிக்கப்பட்ட நத்தம் காலனியின் பெயரும் அதுவே. ‘நத்தம்’ என்ற ஒற்றைக் குறிச்சொல்லின்கீழ் இம்மூன்றையும் போட்டு வைத்திருக்கும் தளத்தில் வீட்டுமனைப் பட்டா பற்றித் தேடும் ஒருவர் தீவைப்பு வழக்கின் செய்திகளுக்கு நடுவே சென்று நிற்பார்.

இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். நம் எழுத்துகள் எதற்காக எழுதப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பொழுதுபோக்குத் தளம் ஒன்றின் கட்டுரை தேடலில் பின்தங்கினால் அதன் உரிமையாளருக்கு விளம்பர வருவாய் குறையும். வன்கொடுமை வழக்கில் நிவாரணம் பெறும் வழியை விளக்கும் கட்டுரை பின்தங்கினால், ஒரு குடும்பம் வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போகும். நிகழ்வுக்குப் பெயரிடும் உரிமையும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தார் மட்டுமே தாக்கப்பட்ட நிகழ்வு பல ஊடகங்களில் ‘இரு தரப்பினர் மோதல்’ என்றே பதிவாகிறது. நம் பதிவு தேடலில் கிடைக்காதபோது அந்தச் சொற்றொடரே வரலாறாக நிலைத்துவிடுகிறது.

நாள்வரிசையின் குறை

செய்தித்தளங்களின் இயல்பான ஒழுங்கு நாள்வரிசைதான். புதியது மேலே நிற்கும். பழையது கீழே இறங்கும். ஒரு வாரத்தில் முகப்பிலிருந்து மறையும். ஓராண்டில் நூறு பக்கங்களுக்கு அப்பால் போய்விடும். நாளேட்டுக்கு இது பொருந்தும். சாதி வன்கொடுமை வழக்குகளுக்குப் பொருந்தாது. மேலவளவை எடுத்துக்கொள்வோம். ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தோரும் கொல்லப்பட்டது 1997 ஜூன் 30. விசாரணை நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2001இல். தண்டனை பெற்றோரில் 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுவித்தது 2019 நவம்பரில். இருபத்திரண்டு ஆண்டு நீளும் ஒரே நிகழ்வு இது. நாள்வரிசையில் இவை மூன்று தனிச் செய்திகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான பிற செய்திகள். 2019 செய்தியை மட்டும் படிக்கும் இருபது வயது மாணவருக்கு, விடுவிக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது இரண்டு வரிப் பின்குறிப்பாகவே தெரியவரும்.

நாள்வரிசையிலிருந்து பொருள்வரிசைக்கு மாற்றுவதால் என்ன நிகழும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டு கழிந்ததும் அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914 மே 5இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் எழுதினார். அரசியல் கண்டனம், பௌத்தம், சொல்லாராய்ச்சி, பண்டிகைகளின் வரலாறு, மருத்துவம், வாசகர் வினாக்களுக்கு விடை என எல்லாமே அந்தச் சில பக்கங்களுக்குள் இருந்தன. ‘இந்திரர் தேச சரித்திரம்’ போன்ற பெரிய படைப்புகள் தொடராக வந்தன. ஒரு வாரப் பகுதி கையில் கிடைத்தவருக்கு முன்னதும் பின்னதும் கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர் மறைவுக்குப் பின் கோலார் தங்கவயலில் சித்தார்த்த புத்தகசாலை சில எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பேணி வைத்தனர். அவை இருந்தன, ஆனால் அவற்றைப் பயன்படுத்த வேண்டுமாயின் எந்த ஆண்டின் எந்த வாரத்தில் எது வந்தது என்று முன்பே அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு மிகச் சிலரிடமே இருந்தது.

1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. வார இதழ்களில் சிதறிக் கிடந்தவை அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாக அடுக்கப்பட்டன. மூன்றாம் தொகுதி பின்னர் வந்தது. ஏற்கெனவே ஆய்வாளர் சிலர் ‘தமிழன்’ இதழைப் பயன்படுத்தி எழுதியிருந்தாலும், அயோத்திதாசர் பெயர் பல்கலைக்கழக வகுப்பறைக்கும் இயக்க மேடைக்கும் பொதுவாசகர் கைக்கும் பரவியது இத்தொகுப்புக்குப் பிறகுதான். அவர் புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியவை அடுக்கப்பட்ட முறை மட்டுமே மாறியது.

இத்தொகுப்பில் நாம் கற்கவேண்டிய மற்றொரு நுட்பமும் உண்டு. பொருள்வாரியாக அடுக்கியபோது நாளைத் தூக்கி எறிந்துவிடவில்லை. கட்டுரையின் அடியில் இதழின் தொகுதி, எண், நாள் ஆகியவை குறிக்கப்பட்டன. ஆகவே பொருளைத் தேடுபவர் பொருள்வழியும், காலத்தை ஆராய்பவர் நாள்வழியும் போகலாம். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கத் தேவையில்லை என்பதை அச்சுத் தொகுப்பே செய்துகாட்டியது. இணையத்தில் அதனைச் செய்வது அதைவிட எளிது. (சுதேசி இயக்கத்தைப் பற்றி அயோத்திதாசர் எழுதிய கண்டனங்களை நாளில்லாமல் படித்தால் பாதிப் பொருள் போய்விடும் என்பது வேறு.)

எல்லா இதழ்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஜெ. பாலசுப்பிரமணியத்தின் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்னும் நூல் 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களை ஆராய்கிறது. அவற்றுள் பெயரளவில் மட்டுமே நமக்குத் தெரியவரும் இதழ்கள் உண்டு. ‘தமிழன்’ பிழைத்தது பேணியவர்களால், பயன்பட்டது அடுக்கியவர்களால்.

நமக்கு அண்மைக் காலத்திலும் இதே நிலைதான். ‘தலித் முரசு’ இதழின் கட்டுரைகள் பல கீற்று இணையத்தளத்தில் ஒருங்குறியில் ஏற்றப்பட்டுள்ளன. அது பெரும் தொண்டு; ஸ்கேன் படமாக மட்டும் இருந்திருந்தால் தேடுபொறியால் எளிதில் படித்திருக்க முடியாது. ஆனால் அவை அமைந்திருப்பது இதழ், மாதம் என்ற வரிசையில். பஞ்சமி நிலம் பற்றி அவ்விதழ் பல ஆண்டுகளில் எழுதியவை அனைத்தும் ஓரிடத்தில் வேண்டும் என்பவர் தாமே தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அலாய்சியஸ் செய்த பணி இன்னும் அதற்குச் செய்யப்படவில்லை.

ஒரு நிகழ்வுக்கு ஒரு நிலைத்த பக்கம்

தேடுபொறி ஒரு பக்கத்தை எப்படி மதிக்கிறது என்பதில் கமுக்கங்கள் பல இருந்தாலும் அடிப்படை 1998இல் கூகுள் தொடங்கிய காலத்திலிருந்தே தெரிந்ததுதான்: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எத்தகையவை, எந்தச் சொற்களால் சுட்டுகின்றன. இதனுடன் தலைப்பு, உள்ளடக்கம், பக்கம் திறக்கும் வேகம், கைப்பேசியில் படிக்க இயலுமா என்பன போன்றவை சேரும். பக்கத்தின் மறைவுப் பகுதியில் திறவுச்சொற்களை அடுக்கி வைக்கும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. ‘தரவரிசையில் முதலிடம்’ என்று விலைபேசி வருவோரிடம் பணம் கொடுப்பதைவிட, அப்பணத்தில் ஒரு துணையாசிரியரை அமர்த்திப் பழைய கட்டுரைகளை ஒழுங்குசெய்வது மேல்.

வெண்மணியைக் கொண்டு இதை விளக்கலாம். 1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் ஒவ்வொரு தளமும் ஒரு நினைவுக் கட்டுரை வெளியிடுகிறது. தலைப்பு ஆண்டுதோறும் மாறும்: ‘அணையாத தீ’, ‘மறவோம்’, ‘இன்னும் எரிகிறது’. கவிதையாகச் சரி, தேடுபவருக்கு அவற்றில் வெண்மணியும் இல்லை, கீழ்வெண்மணியும் இல்லை, கீழவெண்மணியும் இல்லை. பத்தாண்டில் பத்துக் கட்டுரைகள் சேர்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. தேடுபொறியின் பார்வையில் அவை ஒன்றோடொன்று போட்டியிடும் பத்து வலுவற்ற பக்கங்கள்.

இவற்றுக்கு நடுவே ‘கீழ்வெண்மணிப் படுகொலை, 1968’ என்னும் ஒரே நிலைத்த பக்கம் இருக்கட்டும். அதில் நிகழ்ந்தது என்ன, கூலிப் போராட்டத்தின் பின்னணி, வழக்கு, மேல்முறையீட்டில் நிலவுடைமையாளர்கள் விடுவிக்கப்பட்டது, நினைவிடம் ஆகியவை சுருக்கமாக இருக்கட்டும். பெயரின் எல்லா வடிவங்களும் முதற்பத்தியிலேயே இயல்பாக இடம்பெறட்டும். பத்து நினைவுக் கட்டுரைகளும் அப்பக்கத்தைச் சுட்டட்டும். அப்பக்கமும் அவற்றைச் சுட்டட்டும். சுட்டும்போது ‘இங்கே சொடுக்கவும்’ என்பதற்கு மாற்றாக ‘கீழ்வெண்மணி வழக்கின் வரலாறு’ என்றே இணைப்பின் சொல் அமையட்டும். அவ்வளவுதான். வாசகருக்கு வழி கிடைக்கிறது. எந்தப் பக்கம் முதன்மையானது என்று தேடுபொறிக்கும் விளங்குகிறது. அடுத்த டிசம்பரில் எழுதுபவர் அடிப்படைச் செய்திகளை மீண்டும் சொல்லிக்கொண்டிராமல் புதிதாக ஒன்றைச் சொல்லலாம். தலைப்பில் கவிதை வேண்டும் என்பவர் முக்காற்புள்ளிக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

கொடியன்குளம் 1995, தாமிரபரணி 1999, பரமக்குடி 2011, வேங்கைவயல் 2022 என்று இப்படி முப்பது நாற்பது பக்கங்கள் அமைத்தால் தமிழகத்தின் சாதி வன்கொடுமை வரலாற்றுக்கு ஒரு முதுகெலும்பு உருவாகிவிடும். பக்க முகவரியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் எழுத்திலேயே முகவரி அமைத்தால், அதைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பலவேளை விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கு வரி நீளும். மோசடி இணைப்பு என்று அஞ்சித் தொடாமல் விடுபவர் உண்டு. ஊரும் ஆண்டும் மட்டும் கொண்ட குறுகிய உரோமன் எழுத்து முகவரி நல்லது. மொழிப்பற்று கட்டுரையில் இருந்தால் போதும்.

பகுப்புகளைப் பொறுத்தவரை குறைவாக இருப்பதே நலம். ஒரே பொருளுக்கு ‘ஆணவக்கொலை’, ‘ஆணவப் படுகொலை’, ‘சாதி ஆணவக் கொலை’, ‘கௌரவக் கொலை’ என்று நான்கு குறிச்சொற்கள் வைத்து, ஒவ்வொன்றின்கீழும் மூன்று கட்டுரைகள் சிதறிக் கிடப்பதைப் பல தளங்களில் காணலாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை அதற்குத் திருப்பிவிட வேண்டும். ‘கௌரவம்’ என்னும் சொல்லை நாம் ஏற்பதில்லை. ஆயினும் தேடுபவர் அச்சொல்லோடு வரக்கூடும். அவர் வரட்டும். வந்தபின் அச்சொல் ஏன் தவறு என்று பக்கத்தின் தொடக்கத்திலேயே சொல்லலாம்.

அவர்கள் சொல்லும் நம் சொல்லும்

இங்கேதான் உண்மையான இடைவெளி இருக்கிறது. இயக்கத்தார் எழுதும் தமிழ் வேறு. தேவையில் தேடுபவரின் தமிழ் வேறு.

திண்டுக்கல், வேடசந்தூர், எரியோடு சமவெளியில் நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் பெருகியுள்ளன. அவற்றில் வேலை செய்வோரில் பெரும்பகுதி இளம்பெண்கள். அவர்களில் தலித் பெண்கள் கணிசமானோர். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் குற்றஞ்சாட்டப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் அச்சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ செய்துகொண்டன. ஆலையில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கத் தொழிலாளர்களே கண்காணிப்பாளராக இருக்கும் முறையை அது கொண்டுவந்தது. உலகத் தொழிலாளர் இயக்கங்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஒப்பந்தம் இது. இதைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது.

தமிழில் எழுதப்பட்டவற்றிலும் சொற்களைப் பாருங்கள்: ‘நூற்பாலை’, ‘பாலினம் சார்ந்த வன்முறை’, ‘பணியிடப் பாலியல் துன்புறுத்தல்’, ‘உள்ளகக் குழு’. ஆலைக்கு வேன் ஏறும் பெண் ‘நூற்பாலை’ என்பதில்லை. ‘மில்’ என்கிறார், ‘கம்பெனி’ என்கிறார். ‘சூப்பர்வைசர் தொந்தரவு’ என்று சொல்வார். ‘புகார் எங்கே கொடுக்கணும்’ என்று கேட்பார். கைப்பேசியிடம் பேசித் தேடும் வசதி வந்தபின் எழுத்துத் தமிழின் பிடி இன்னும் தளர்ந்துவிட்டது. மக்கள் பேசுவதுபோலவே தேடுகிறார்கள். அவர் கேட்கும் கேள்வியின் விடை நம்மிடம் உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்கவேண்டும். நிகழ்ந்த 3 மாதத்திற்குள் எழுத்தில் புகார் தரவேண்டும், தகுந்த காரணம் இருப்பின் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். இந்த விடை, ‘நவதாராளவாதமும் பெண்ணுடலும்’ என்னும் தலைப்புள்ள கட்டுரையின் பதினேழாம் பத்தியில் இருந்தால் அவருக்கு எப்படிக் கிடைக்கும்? அந்தக் கட்டுரை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ‘மில்லில் சூப்பர்வைசர் தொந்தரவு: எங்கே, எப்படிப் புகார் தருவது?’ என்று தனிப்பக்கம் ஒன்று வேண்டும். அக்கட்டுரை அதைச் சுட்டவேண்டும்.

நிலத்திலும் இதே நிலை. 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து வழங்கப்பட்ட நிலங்களை நாம் ‘பஞ்சமி நிலம்’ என்கிறோம். வருவாய்த்துறைப் பேச்சிலும் பழைய ஆவணங்களிலும் அது ‘டி.சி. நிலம்’, ‘கண்டிஷன் பட்டா’ என்று வரும். தாத்தாவின் பழைய ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவர் அதில் கண்ட சொல்லையே எழுதுவார். நம் பக்கத்தில் அச்சொல் இல்லையெனில் நிலத்தரகர்களின் பக்கமே அவருக்கு முதலில் கிடைக்கும்.

வாசகரின் காலம் வீணாகக் கூடாது என்பதை நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஆண்டு 1931. ஒரு நாள் கூலியை இழந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் வாசகருக்கு அவ்விதி எத்தனை மடங்கு பொருந்தும் என்பதை அவர் எண்ணியிருப்பாரா, தெரியவில்லை.

பழைய பக்கம் செய்யும் தீங்கு

கிடைக்காத பக்கம் ஒரு குறை. காலாவதியான பக்கம் முதலில் கிடைப்பது அதைவிடக் கேடு. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது: வழக்குப் பதியும் முன் துணைக் கண்காணிப்பாளர் பூர்வாங்க விசாரணை நடத்தலாம், கைதுக்கு முன்னனுமதி வேண்டும் என்றெல்லாம் கூறியது. ஏப்ரல் 2இல் நாடெங்கும் முழு அடைப்பு நடந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து, பூர்வாங்க விசாரணையும் முன்னனுமதியும் தேவையில்லை என்றாக்கியது. 2019 அக்டோபர் 1இல் உச்ச நீதிமன்றமே தன் நெறிமுறைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10இல் 18அ செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2018 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நாம் அனைவரும் கொதித்து எழுதினோம். அக்கட்டுரைகள் பரவலாகப் பகிரப்பட்டன. பல தளங்கள் அவற்றைச் சுட்டின. ஆகவே அவை வலுவுள்ள பக்கங்கள். 2020 தீர்ப்பு வந்தபோது எழுந்த ஆரவாரம் மிகக் குறைவு; அதைப் பற்றிய பக்கங்களுக்கு அந்த வலு இல்லை. ‘விசாரித்த பிறகுதான் எஃப்ஐஆர் போடுவோம்’ என்று காவல் நிலையத்தில் சொல்லக்கேட்டு, அது சரியா என்று வெளியே நின்று தேடுபவருக்கு, நாம் எழுதிய பழைய கண்டனக் கட்டுரையே ‘ஆம், அப்படித்தான் தீர்ப்பு’ என்று சொல்லக்கூடும்.

எனவே பழைய கட்டுரைகளின் உச்சியில் ‘இத்தீர்ப்பின் நெறிமுறைகள் இன்று நடைமுறையில் இல்லை, இன்றைய நிலை இங்கே’ என்று ஒரு குறிப்பும் இணைப்பும் சேர்க்கவேண்டும். கட்டுரையை நீக்கவோ திருத்தவோ கூடாது. அது அந்நாளின் சான்று. சட்ட விளக்கத்துக்கோ, ஒவ்வொரு முறையும் புதிய கட்டுரை எழுதாமல், ஒரே பக்கத்தை ஒரே முகவரியில் வைத்துத் திருத்தி வரவேண்டும்; கடைசியாகத் திருத்திய நாளை மேலே காட்டவேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்யவேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவேண்டும், 2016 விதித்திருத்தத்தின்படி நிவாரணத் தொகை குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8.25 லட்சம் வரை, தேசிய உதவி எண் 14566 என்பன போன்ற செய்திகள் அப்பக்கத்தில் பட்டியலாக இருந்தால், கட்டுரைகள் அதைச் சுட்டினால் போதும். தொகை மாறும்போது ஓரிடத்தில் மாற்றலாம்.

கிடைக்கவேண்டியவை பற்றியே இதுவரை பேசினோம். கிடைக்கக் கூடாதவையும் உண்டு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும், குழந்தையாயின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் தடைசெய்கின்றன. பெயரை மட்டும் மறைப்பது போதாது. நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பின் பெயரையும், பள்ளியையும், வகுப்பையும் குறிச்சொல்லாக வைத்தால் பெயர் சொன்னதற்கு ஒப்பாகும். அத்தகைய செய்தியில் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் சொன்ன இடக்குறிப்பு விதி இங்கே செல்லாது. உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளோடு இணைப்பாக ஏற்றப்படும் மனு நகல்களில் கைப்பேசி எண், ஆதார் எண், சாட்சிகளின் வீட்டு முகவரி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. வன்கொடுமை வழக்கில் சாட்சிகளே மிரட்டப்படுவோர். தேடுபொறி அவற்றையும் படிக்கும். ஏற்றும் முன் அவற்றை மையிட்டு மறைத்து, மறைத்தபின் மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றவேண்டும். பிடிஎப் கோப்பில் கறுப்புக் கட்டம் மட்டும் போட்டால் அடியில் உள்ள எழுத்தைப் படியெடுக்க முடியும்.

இறுதியாக, இடம்பெயர்தல். வடிவமைப்பை மாற்றும்போதும், இணையப் பெயரை மாற்றும்போதும் பழைய முகவரிகள் செத்துப்போகின்றன. அதுவரை பிற தளங்களும், ஆய்வேடுகளும், நீதிமன்ற மனுக்களும் சுட்டியிருந்த இணைப்புகள் வெற்றுப் பக்கத்தில் முடிகின்றன. பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்கு நிலையாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யாமல் எந்த வடிவமைப்பாளருக்கும் முழுக்கூலியைக் கொடுக்கக் கூடாது. பெயர்ப் பதிவுக்கான ஆண்டுக் கட்டணம் தவறிய மாதத்தில் பத்தாண்டு எழுத்து மறைந்துபோவது சிறு தளங்களுக்கு நேர்வதே. இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொரு கட்டுரையையும் வெளியிட்ட அன்றே சேமித்து வைக்கலாம். கட்டணம் இல்லை, ஒரு நிமிட வேலை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எளிய எழுத்துக் கோப்பாக எடுத்து, வெவ்வேறு ஊர்களில் உள்ள மூவரிடம் கொடுத்து வைக்கலாம். அவர்களுள் ஒருவராவது சென்னைக்கு வெளியே இருப்பது நல்லது.